தண்டப்பணத்துக்குத் தவணையா? இங்கிலாந்தின் சுற்றாடல் அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

சுற்றாடல் அமைச்சர் அவர்களுக்கும், தண்ணீர்க் கொம்பனிகளின் விலையையும் நடத்தையையும் கட்டுப்படுத்தும் ஒஃப்வொட் ஆணையத்துக்கும், மாசைக் கண்காணிக்கும் சுற்றாடல் முகமைக்கும்,

2025 மே மாதம், லண்டன் பக்கத்துத் தண்ணீரையும் கழிவுநீரையும் பார்க்கும் தேம்ஸ் வோட்டர் கொம்பனிக்கு 122.7 மில்லியன் பவுண் தண்டம் விதித்தீர்கள். கழிவுநீரை ஒழுங்காகக் கையாளாததற்கு 104.5 மில்லியன், கொடுத்திருக்கக் கூடாத பங்கிலாபத்தைக் கொடுத்ததற்கு 18.2 மில்லியன். ஒஃப்வொட் இதுவரை போட்டதிலேயே பெரிய தண்டம் என்று எல்லாச் செய்தியிலும் வந்தது. சரி, இனியாவது பயம் வரும் என்று நானும் நினைத்தேன். மூன்று மாதம்தான். ஆகஸ்டில் அதே தண்டத்துக்குத் தவணை போட்டுக் கொடுத்துவிட்டீர்கள்: செப்டெம்பர் முடிவுக்குள் 24.5 மில்லியன், மிச்சம் கொம்பனியின் கடன் பிரச்சினையெல்லாம் ஒருவழியாகத் தீர்ந்த பிறகு, எப்படியும் 2030 மார்ச்சுக்குள். அது போதாதென்று, அந்தக் கொம்பனிக்குக் கடன் கொடுத்தவர்கள் இப்போது அதைப் பொறுப்பெடுக்க முன்வந்து, அதற்குக் கைம்மாறாக இனி வரும் தண்டங்களிலும் மாசு இலக்குகளிலும் விட்டுக்கொடுப்புக் கேட்கிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பில்லை ஒரு மாதம் கட்டாமல் விட்டுப் பாருங்கள், எத்தனை நிறத்தில் கடிதம் வருகிறதென்று.

இதன் ஆங்கிலப் பிரதி உங்கள் மூன்று அலுவலகங்களுக்கும் வந்திருக்கும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், என்னைப் போலவே பில்லைக் கட்டிவிட்டு "இதெல்லாம் வெள்ளைக்காரரின்ர பிரச்சினை, அவங்கள் பார்த்துக்கொள்ளுவாங்கள்" என்று இருக்கிற எங்கள் ஆட்களும் வாசிக்கட்டும் என்பதுதான். நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பிறந்தவள். இங்கிலாந்தின் தென்பகுதியில் ஒரு சின்ன நகரத்தில், பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே படித்து வளருமளவுக்கு நெடுங்காலமாக இருக்கிறேன். மருந்துக்கடையில் வேலை. எங்கள் பகுதிக் கழிவுநீரைப் பொறுப்பேற்றிருக்கும் கொம்பனியின் பெயரை இங்கே எழுதவில்லை, உங்களுக்கு அனுப்பிய பிரதியில் இருக்கிறது. பெயரைப் போட்டால் இது ஒரு கொம்பனியின் கதை ஆகிவிடும். இங்கிலாந்தில் கழிவுநீரையும் சேர்த்துப் பார்க்கும் கொம்பனிகள் ஒன்பது. எங்கள் கதையை அந்த ஒன்பதில் எதன் வாடிக்கையாளர் வாசித்தாலும் தன் கதையென்றே நினைப்பார்.

எங்கள் தெருவின் முடிவில் ஒரு சிற்றாறு ஓடுகிறது. ஆறு என்று சொன்னால் ஊரிலிருந்து வருகிறவர்கள் சிரிப்பார்கள், சில இடங்களில் தாண்டியே விடலாம். ஆனால் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்த காலம் எனக்குத் தெரியும், அடியில் கூழாங்கல் தெரியும், மீன்குஞ்சு தெரியும். இப்போது ஒரு நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். தண்ணீரில் தாழ்ந்து கிடக்கிற கொப்புகளில் மலசலகூடக் கடதாசியும் ஈரத்துடைப்பானும் தொங்கும். குழாய் வாய்க்குக் கீழே கற்களில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு வழுக்கல் படிந்திருக்கும். அது கழிவு கலந்த தண்ணீரில் செழிக்கிற கிருமிக் கூட்டம் என்று பிறகு வாசித்து அறிந்துகொண்டேன். மணத்தைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை.

மழைக்குப் பிறகு என்றால்கூட ஒரு சமாதானம் சொல்லலாம். போன கோடையில், புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடந்த ஒரு நாளில், அதே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. உடனே கைத்தொலைபேசியில் கொம்பனியின் வரைபடத்தைத் திறந்தேன். 2025 ஜனவரியிலிருந்து கழிவுநீர் திறந்துவிடப்பட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். வரைபடத்தில் அந்தக் குழாய் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் நல்ல பிள்ளையாக இருந்தது. தொலைபேசி எடுத்தேன். பேசிய பிள்ளை மிகவும் மரியாதையாகப் பேசி ஒரு முறைப்பாட்டு இலக்கம் தந்தது. உங்கள் முகமையின் அவசர இலக்கத்துக்கும் அடித்தேன், அங்கேயும் ஓர் இலக்கம் தந்தார்கள். யாரும் வரவில்லை. பல கிழமைக்குப் பிறகு கொம்பனியிலிருந்து ஒரு கடிதம்: உணர்கருவியில் கோளாறு இருந்திருக்கலாம், ஆனால் வெளியேற்றம் அனுமதிக்கு உட்பட்டதே என்று. கருவி வேலை செய்யவில்லை என்றால் அனுமதிக்கு உட்பட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டு எழுதினேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

மருந்துக்கடையில் நிற்கிறபடியால் ஒன்று தெரியும். ஈரமான வார இறுதிகளுக்குப் பிறகு, படகுக் கழகத்துப் பெற்றோர் வயிற்றோட்டத்துக்கு உப்புக் கரைசல் பக்கெட் வாங்க வருவார்கள். "தண்ணீர் வாய்க்குள் போச்சுது" என்று பிள்ளை பக்கத்தில் நின்று சொல்லும். இன்ன பிள்ளைக்கு இன்ன குழாயால்தான் வந்தது என்று எந்த வைத்தியரும் எழுதித்தர மாட்டார். அந்த இடைவெளிக்குள்தான் கொம்பனிகள் வசதியாக ஒளிந்துகொள்கின்றன.

எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, எங்கள் ஆட்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பழைய நகரங்களில் மழைநீரும் மலசலகூடத் தண்ணீரும் ஒரே குழாயில்தான் போகின்றன. பெருமழைக்குக் குழாய் நிரம்பினால் கழிவு வீடுகளுக்குள் திரும்பி வரும், அதைத் தடுக்க ஆற்றுப் பக்கம் ஓர் அவசர வாசல் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் அப்படி 14,000க்கு மேல் வாசல்கள். அவசரத்துக்கு மட்டும் என்பதுதான் நிபந்தனை. ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையமும் விநாடிக்கு இத்தனை லீற்றரைச் சுத்திகரித்தே ஆகவேண்டும் என்று அனுமதிப் பத்திரத்தில் இருக்கும். அந்த அளவைத் தொட்ட பிறகுதான் மிச்சம் மழைத்தொட்டிக்குப் போகலாம், தொட்டியும் நிரம்பினால்தான் ஆற்றுக்கு. அந்த அளவைத் தொடுமுன் திறந்துவிட்டால், வெயில் நாளில் திறந்துவிட்டால், அது குற்றம். 2021 நவம்பரில் 2,200க்கு மேற்பட்ட நிலையங்களைப் பற்றி நீங்கள் தொடங்கிய விசாரணையே இதைப் பற்றியதுதான். அப்போதிருந்து அந்த விசாரணை ஓடிக்கொண்டிருக்கிறது, குழாய்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

(எங்கள் பக்கத்திலும் தவறு இல்லாமலில்லை. வடை சுட்ட எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றுகிற வீடுகள் எனக்குத் தெரியும், அது குழாய்க்குள் உறைந்து அடைக்கும். ஊற்றாதீர்கள். ஆனால் கொம்பனி அனுப்புகிற துண்டுப்பிரசுரங்களைப் பார்த்தால் இந்த நாட்டு ஆறுகளெல்லாம் என் தாச்சி எண்ணெயால்தான் கெட்டன என்று நினைக்கத் தோன்றும்.)

2024இல் இங்கிலாந்தில் இந்த வாசல்கள் திறந்த தடவைகள் 450,398. திறந்திருந்த நேரம் 36 இலட்சம் மணித்தியாலத்துக்கும் மேல். 2023இலும் ஏறத்தாழ அதே 36 இலட்சம்தான். பாரதூரமான மாசுச் சம்பவங்கள் 2023இல் 47, 2024இல் 75. இதெல்லாம் உங்கள் முகமையே வெளியிட்ட கணக்கு.

இந்தக் கணக்கிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வாசலில் பூட்டியிருக்கிற கருவி எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு போனது என்று சொல்லாது. ஒரு மணித்தியாலம் கசிந்ததும் ஒரு மணித்தியாலம் வெள்ளமாகப் பாய்ந்ததும் உங்கள் பட்டியலில் ஒன்றுதான். என் வீட்டுக்குள் வருகிற தண்ணீரை அளக்கக் கதவடியில் மானி இருக்கிறது, கடைசி லீற்றர் வரை கணக்குப் பார்த்துப் பில் வருகிறது. ஆற்றுக்குள் போகிறதை அளக்க மட்டும் மானி இல்லை என்றால், அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

அடுத்தது, யார் அளக்கிறார்கள் என்பது. சுத்திகரித்து வெளியேற்றும் தண்ணீரின் மாதிரியைக் கொம்பனியே எடுத்து, கொம்பனியே பரிசோதித்து, கொம்பனியே உங்களுக்கு அறிக்கை தருகிறது. பாலுக்குப் பூனை காவல். இது என் சந்தேகமல்ல, நடந்திருக்கிறது. 2019இல் சதர்ன் வோட்டர் பற்றி ஒஃப்வொட்டே கண்டுபிடித்தது: மாதிரி எடுக்கிற நேரத்தில் நிலையத்திலிருந்து தண்ணீரே வெளியேறாதபடி, கழிவுநீரைத் தாங்கி லொறிகளில் (பவுசர்களில்) ஏற்றி வேறிடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். தண்ணீர் வெளியேறாவிட்டால் மாதிரி இல்லை, மாதிரி இல்லாவிட்டால் தோல்வியும் இல்லை. அதே கொம்பனி 2010க்கும் 2015க்கும் இடையில் 6,971 தடவை சட்டவிரோதமாகக் கழிவுநீரைத் திறந்துவிட்டதற்காக, 51 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு 2021 ஜூலையில் 90 மில்லியன் பவுண் தண்டம் வாங்கியது. சிறைக்குப் போன இயக்குநர் யாரும் இல்லை. அந்த முடிவுகளை எடுத்தவர்கள் கூட்ட அறையில் இருந்தவர்கள், பவுசர் ஓட்டியவர்கள் அல்ல. சேற்றுக்குள் இறங்கி அடைப்பெடுக்கிற தொழிலாளிகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவர்கள் எங்கள் தெருவில் இரவு இரண்டு மணிக்கும் நின்று வேலை செய்திருக்கிறார்கள்.

காசுக் கதைக்கு வருகிறேன். 1989இல் இந்தக் கொம்பனிகளைத் தனியாருக்குக் கொடுத்தபோது ஏறக்குறைய 5 பில்லியன் பவுண் கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்து, மேலே 1.5 பில்லியனும் கையில் கொடுத்து அனுப்பியது. கடனில்லாமல் தொடங்கினார்கள். இன்றைக்குத் தேம்ஸ் வோட்டரின் கடன் மட்டும் 16 பில்லியனுக்கு மேல். அந்தக் காசெல்லாம் குழாய்க்குள் போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டி வந்திருக்காது. இந்த ஆண்டுகளில் பங்குதாரர்களுக்குப் போன இலாபத்தின் கணக்கு உங்களிடம் இருக்கிறது. இப்போது பழைய குழாயை மாற்றக் காசில்லை, ஆகவே பில்லைக் கூட்ட வேண்டுமென்கிறார்கள், நீங்களும் அனுமதித்துவிட்டீர்கள். 2025 ஏப்ரலில் சராசரிப் பில் ஒரே தாண்டலாக 123 பவுண் கூடி 603 பவுண் ஆனது. 2030க்குள் சராசரியாக 36 வீதம் கூடலாம், விலைவாசி ஏற்றம் அதற்கு மேலே தனி. இந்தக் குழாய்களுக்காக நாங்கள் ஒருமுறை காசு கட்டிவிட்டோம் என்பதுதான் என் வாதம். அதே குழாய்க்கு இரண்டாம் தரம் கட்டச் சொல்கிறீர்கள்.

ஒரு நல்ல காரியமும் செய்தீர்கள், மறுக்கவில்லை. 2025 பெப்ரவரியில் வந்த புதிய சட்டப்படி விசாரணையை மறைப்பவர்களுக்கும் தடுப்பவர்களுக்கும் இரண்டு வருடம் வரை சிறை, ஆறு கொம்பனிகளின் மேலதிகாரிகளுக்கு ஊக்கத்தொகைத் தடை. கைதட்டினேன். பிறகு பார்த்தால், தடை விழுந்த ஆறில் ஒன்றான யோர்க்ஷயர் வோட்டரின் தலைமை நிர்வாகிக்கு, அதன் தாய்க் கொம்பனி வழியாக இரண்டு வருடத்தில் 1.3 மில்லியன் பவுண் போயிருந்தது ஆகஸ்டில் வெளியே வந்தது. முன் கதவைப் பூட்டினீர்கள், பின் கதவு அகலத் திறந்து கிடந்தது. சிறைத் தண்டனையும் மறைத்ததற்குத்தான், மாசாக்கியதற்கு அல்ல. ஒளிக்காமல், கூச்சமில்லாமல், வரைபடத்தில் சிவப்புப் புள்ளி போட்டுக் காட்டிக்கொண்டே ஆற்றைக் கெடுத்தால் யாருக்குச் சிறை?

நான் ஏன் இவ்வளவு கதைக்கிறேன் என்றால், யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு என்று ஒன்று கிடையாது. கிணறுதான் எல்லாம். அதனால் நிலத்தடித் தண்ணீரை ஒருவன் பழுதாக்கினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவெண்ணெய் இறங்கிக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது, சனம் குடிதண்ணீருக்குப் பவுசர் பார்த்து வாளியோடு நின்றது. 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், அந்த நிலையத்தை நடத்திய கொம்பனி பாதிக்கப்பட்ட சனத்துக்கு 20 மில்லியன் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தக் காசு எந்த மூலைக்குப் போதும் என்பது வேறு கதை. ஆனால் கெடுத்தவன் கட்ட வேண்டும், கட்டுகிற காசு கெட்டுப்போன இடத்துச் சனத்துக்குப் போக வேண்டும் என்பதை அந்த நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. எல்லாச் சட்டத்தையும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்கிற இந்த நாட்டில், நான் அதையே கெஞ்சிக் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது.

லண்டனுக்கு நடந்தது எங்களுக்கு நடக்காது என்பதும் தெரியும். 1858இல் தேம்ஸ் நாற்றம் பாராளுமன்றத்தின் சன்னலுக்குள் வந்தபோதுதான் பாதாளக் கால்வாய் கட்டக் காசு பிறந்தது. இப்போதும் 25 கிலோமீற்றர் நீளத்துக்குப் புதிய சுரங்கக் குழாய், 2025 பெப்ரவரியில் எல்லா இணைப்பும் முடிந்துவிட்டது, நல்லது, வேலை செய்கிறது என்கிறார்கள். எங்கள் சிற்றாற்றின் கரையில் பாராளுமன்றம் இல்லை. யோர்க்ஷயரில் இல்க்லி ஊர்ச்சனம் போராடி, 2020 டிசெம்பரில் வாஃப் ஆற்றின் ஒரு பகுதியை அரசாங்கத்தின் குளிக்குமிடப் பட்டியலில் சேர்ப்பித்தார்கள், ஆறு ஒன்று அந்தப் பட்டியலில் ஏறியது அதுதான் முதல் தடவை. 2021 முதல் 2024 வரை ஒவ்வொரு வருடமும் அதற்குக் கிடைத்த தரம் "மோசம்". போராடுகிற ஊருக்கே அந்தக் கதி. உங்கள் திட்டத்தின்படி எல்லா வாசல்களும் கட்டுக்குள் வரும் வருடம் 2050. எனக்கு அப்போது 79 வயது.

ஆகவே நான் கேட்பவை இவை.

தண்டப்பணத்துக்குத் தவணை கொடுக்கும் பழக்கத்தை இத்துடன் நிறுத்துங்கள். கொடுத்த தவணையைத் திரும்ப எடுக்க முடியாதென்றால், அந்தத் தொகை முழுவதும் கட்டப்படும்வரை அந்தக் கொம்பனியிலிருந்து பங்கிலாபம், ஊக்கத்தொகை, தாய்க் கொம்பனிக்குப் போகும் எந்தக் கொடுப்பனவும் ஒரு பென்ஸ்கூட வெளியே போகக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். கடன் கொடுத்தவர்கள் கேட்கும் மாசுச் சலுகைக்கு இல்லை என்று சொல்லுங்கள், அதைப் பகிரங்கமாகச் சொல்லுங்கள். ஆற்றைக் கெடுக்க அனுமதி கொடுத்தால்தான் ஒரு கொம்பனி பிழைக்கும் என்றால், அதை அரசாங்கத்தின் விசேட நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தச் சட்டத்தை எடுத்துப் பயன்படுத்துங்கள்.

கொம்பனிகள் தங்களைத் தாங்களே கண்காணிக்கும் முறை முடிவுக்கு வரும் என்று 2025 ஜூலையில், தண்ணீர்த்துறையை ஆராய்ந்த ஆணைக்குழுவின் அறிக்கை 88 பரிந்துரைகளோடு வந்தபோது சொன்னீர்கள். எந்தத் திகதியில்? ஒஃப்வொட்டைக் கலைத்துப் புதிய அமைப்பு வரும்வரை பொறுங்கள் என்று சொல்லாதீர்கள், மாதிரி எடுக்கச் சுயாதீனமான ஆளை அனுப்புவதற்குப் புதிய அமைப்பு தேவையில்லை. ஆற்றுக்குப் போகும் குழாய்களில் நேரத்தை மட்டுமல்ல, அளவையும் லீற்றரில் காட்டும் மானி பூட்டுங்கள். எல்லாவற்றிலும் ஒரே நாளில் முடியாது, தெரியும். வருடத்துக்கு அதிக நேரம் திறக்கிற வாசல்களிலிருந்து தொடங்குங்கள். கருவி பழுதாக இருந்த நேரம் முழுவதையும் வாசல் திறந்திருந்த நேரமாகவே கணக்கில் எழுதுங்கள், பிறகு பாருங்கள் எவ்வளவு விரைவாகத் திருத்துகிறார்கள் என்று.

ஊக்கத்தொகைத் தடையைத் தாய்க் கொம்பனி, சகோதரக் கொம்பனி எல்லாவற்றுக்கும் நீட்டுங்கள். தெரிந்தே, திரும்பத் திரும்ப வெயில் நாளில் கழிவுநீரைத் திறந்துவிட்டதற்கு இயக்குநர்கள் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்கும்படி சட்டத்தைத் திருத்துங்கள். 100 மில்லியனுக்கு மேற்பட்ட தண்டப்பணத்தை ஆறுகளைச் சீரமைக்கச் செலவழிக்கப்போவதாக அறிவித்தீர்கள். எந்த ஆற்றைக் கெடுத்ததற்கு வந்த காசு எந்த ஆற்றுக்குப் போனது என்று ஒரு பட்டியல் போடுங்கள்.

கடைசியாக எங்கள் ஆறு. உங்களுக்கு அனுப்பிய பிரதியில் குழாயின் இருப்பிடம், என் இரண்டு முறைப்பாட்டு இலக்கங்கள், நான் எடுத்த படங்கள் எல்லாம் இருக்கின்றன. அந்தக் கோடை நாளில் அந்தக் குழாய் ஓடியதா இல்லையா, ஓடியது என்றால் எந்த அனுமதியின்படி, இதற்கு மட்டும் முகமையிலிருந்து கையெழுத்திட்ட ஒரு பதில் வேண்டும். ஆங்கிலத்தில் அனுப்பினால் போதும். தமிழில் நானே எழுதிப் போட்டுவிடுகிறேன்.